எடுத்த படம் எங்கே, மாமா?

தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்களில் அநேகமாக ஒரு கேமரா மாமா இருப்பார். சில வீடுகளில் அவர் சித்தப்பா, சில வீடுகளில் மச்சான், அபூர்வமாக ஒரு சித்தி. வேலை துறைமுகத்திலோ, உப்பளக் கணக்கிலோ, பள்ளிக்கூடத்திலோ இருக்கும். கேமரா பொழுதுபோக்கு. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போவார்கள்: "மாப்ள, மறக்காம கேமராவ எடுத்துட்டு வந்துரு, என்னா?" அவரும் வருவார். மூன்று மணி நேரம் நிற்பார், குனிவார், நாற்காலி மேல் ஏறுவார், கடைசிப் பந்தியில் உட்கார்ந்து ஆறிப்போன சாம்பாரை ஊற்றிச் சாப்பிடுவார். ஆறு மாதம் கழித்து ஒரு துஷ்டி வீட்டில் வைத்து யாராவது கேட்பார்கள்: "அன்னைக்கு எடுத்தியே, அந்தப் படமெல்லாம் எங்க?" அவர் தலையைச் சொறிவார். படம் ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. ஹார்டு டிஸ்க் பீரோவில் இருக்கிறது.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. இந்தக் கரையின் முகங்களில் பாதி அந்த மாதிரி பீரோக்களுக்குள்தான் கிடக்கின்றன. காசு வாங்கி எடுக்கிறவர் ஆல்பத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்; கொடுக்காவிட்டால் பாக்கிப் பணம் வராது. காசு வாங்காதவருக்கு அந்த நெருக்கடி கிடையாது. எடுக்கிற வரைக்கும் இருக்கிற ஆசை, வீட்டுக்கு வந்து கார்டைக் கணினியில் போட்டதும் தணிந்துவிடுகிறது. ஆயிரத்து இருநூறு படம் எடுத்தவர், அதில் நாற்பதைப் பொறுக்கி உரியவர் கையில் சேர்க்காமல் விட்டால், அவர் அந்தக் கல்யாணத்துக்கு வெறுங்கையோடு போயிருக்கலாம். பந்தியிலாவது முதலில் உட்கார்ந்திருப்பார்.

முதல் கோளாறு, அவர் நிற்கிற இடம். மணவறைக்கு முன்னால் கூலிக்கு வந்த இரண்டு கேமராக்காரர்கள், ஒரு வீடியோக்காரர், விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். தாலி கட்டுகிற நேரத்தில் இவர்களுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து செல்போன்கள் எழும்பும். அந்தக் கூட்டத்தில் மாமாவும் முண்டியடித்து எடுக்கும் படத்தில் பெரும்பாலும் பதிவாவது வீடியோக்காரரின் பின்மண்டை. அதைவிட மோசமான சங்கதி, கூலிக்கு வந்தவரின் படத்தில் மாமாவின் முழங்கை விழுவது. வருஷத்தில் சில மாதங்களே வருகிற முகூர்த்தங்களை நம்பிப் பிழைக்கிறவர் அவர். தாலிப்படம் அவருடைய பொறுப்பு. அதை அவரிடம் விட்டுவிடுவதுதான் மரியாதை.

மாமாவுக்கு வேறு வேலை இருக்கிறது. மண்டபத்தின் பின்கட்டில் அடுப்படி இருக்கிறது. தவில்காரர் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளையின் தம்பி மக்ரூன் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறான். ஜன்னலோரத்தில், முழங்காலைத் தடவியபடி ஆச்சி உட்கார்ந்திருக்கிறாள். ஆச்சியிடம் கேமராவைத் திருப்பினால் ஒரே பதில்தான்: "என்னைய எதுக்குய்யா எடுக்க? பொண்ணு மாப்பிள்ளைய எடு." அதைச் சொல்லிக்கொண்டே முந்தானையைச் சரிசெய்வாள். அந்தச் சரிசெய்யும் நொடியில் எடுக்கிற படம்தான் படம்.

ஏன் என்பது சில வருஷம் கழித்துத் தெரியும். துஷ்டி விழுந்த வீட்டில் அழுகைக்கு நடுவே முதலில் நடக்கிற தேடல்களில் ஒன்று போட்டோவுக்கான தேடல். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும், நடுவீட்டில் மாலை போட்டு வைக்க வேண்டும். ஒன்றும் கிடைக்காமல் கடைசியில் வாக்காளர் அட்டையிலும் ஆதார் அட்டையிலும் இருக்கும் தபால்தலை அளவு முகத்தைச் சுரண்டிப் பெரிதாக்குவார்கள். எண்பது வருஷம் வாழ்ந்த ஒரு பெண், ஏதோ ஓர் அலுவலக வெப்கேமரா முன்னால் மிரண்டு விழித்த விழிப்போடு ஊர்ச் சுவரில் தொங்குவாள். அவள் சிரித்த படம் மாமாவின் பீரோவில் இருக்கும். யாருக்கும் அது நினைவுக்கு வராது, மாமா உட்பட.

படம் எடுப்பதே அருமையாக இருந்த காலத்தில் நிலைமை வேறு. 'ஆக்ஃபா கிளிக் 3' பெட்டிக் கேமராவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் 'இந்து' ஃபிலிம் ஸ்டுடியோக்களில் புழங்கிய காலம் அது. பிறகு முப்பத்தாறு படத்தின் காலம். வீட்டுக்கு வீடு ஹாட் ஷாட்டும் கோடாக்கும். வெளிநாட்டிலிருந்தும் கப்பலிலிருந்தும் ஊர் திரும்புகிறவர்கள் பெட்டியில் ஒரு யாஷிகா இருந்தால் தெருவுக்கே பெருமை. ஒரு ரோலைக் காதுகுத்தில் பாதி, பொங்கலில் பாதி என்று ஓட்டுவார்கள். கழுவிக் கொண்டுவந்தால் பத்துப் படம் தேறும். ஆனால் அந்தப் பத்தும் அட்டையில் இருக்கும். உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று உருவிக்கொண்டு போவார்கள். அப்போது எண்ணிக்கை குறைவு, போய்ச் சேர்ந்தது அதிகம். இப்போது நிலைமை தலைகீழ். அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்லவரவில்லை. ஃபிலிம் சரியாக மாட்டாமல் முழுக் கல்யாணமும் வெள்ளையாகப் போன கதைகள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு.

இந்த ஊரில் கேமரா வைத்திருப்பது கொஞ்சம் பாடுபடுகிற வேலையும்கூட. கடல்காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து வரும். லென்சை மாதக்கணக்கில் பையிலேயே மூடி வைத்தால் கண்ணாடிக்குள் சிலந்திவலை போலப் பூஞ்சை படரும். ஒருமுறை வேர்விட்டால் துடைத்தால் போகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்து வெளிச்சம் காட்டுதல் என்று ஒரு பராமரிப்பு தேவைப்படுகிறது. ஏசி மண்டபத்திலிருந்து ஆகஸ்ட் மாதத்துத் தெருவுக்கு வந்ததும் லென்சில் நீர் கோத்துக்கொள்ளும். அவசரக்காரர்கள் வேட்டி நுனியால் துடைப்பார்கள். பையை மூடியபடியே இருபது நிமிஷம் வெளியில் வைத்துவிட்டுப் பிறகு திறந்தால் அந்த வம்பு இல்லை.

உப்பளத்தில் பிறந்தநாள் படம் எடுக்கலாம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் வேறொரு பாடம் படிக்கிறார்கள். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளை உப்பு மேட்டைக் காட்டினால் அது வெளிச்சத்தைக் குறைத்து, உப்பைச் சாம்பலாகவும் பிள்ளையின் முகத்தைக் கரியாகவும் ஆக்கிவிடும். ஒன்றோ ஒன்றரையோ ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். வெள்ளை வேட்டி சட்டையில் வரிசையாக நிற்கும் சம்பந்திமார்களுக்கும் இதே மருந்துதான். குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைகிற ஊரில் இருப்பவர்களுக்கு இது கை வந்த வித்தையாக இருக்க வேண்டும். ஆனால் வாட்ஸ்அப்பில் வருகிற குடும்பப் படங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

கச்சேரி மேடை இன்னும் கஷ்டம். இந்தப் பக்கத்தில் கச்சேரி என்றால் கோயில் கொடைதான் பெரிய மேடை. பந்தலில் ஒருபக்கம் வில்லுப்பாட்டு, இன்னொரு பக்கம் நையாண்டி மேளம், சாமிக்கு முன்னால் சில ஊர்களில் கணியான் கூத்து, ராத்திரிக்கு மெல்லிசைக் குழு. ஒரே கொடையில் மூன்றுவிதமான வெளிச்சம். டியூப்லைட் எரிகிற பந்தலில் படத்துக்குப் படம் நிறமும் பிரகாசமும் மாறிக்கொண்டே இருப்பதைப் பார்த்துக் கேமரா கெட்டுப்போய்விட்டது என்று பயந்தவர்கள் உண்டு. கெட்டது ஒன்றுமில்லை. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று; பழைய டியூப்லைட் வினாடிக்கு நூறு முறை கூடிக் குறைகிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வைத்தால் துடிப்பு படத்தில் விழாது. மெல்லிசைக் குழுவின் எல்.இ.டி. விளக்குகளோ இந்தக் கணக்குக்கும் அடங்குவதில்லை. படத்தில் பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடு போடும். பாடகியின் முகத்தை நீலமாகவும் ஊதாவாகவும் அடித்துவிடும். கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிடுவது அதற்குத் தெரிந்த பழைய சமாதானம். ஃபிளாஷ் போடுவது மட்டும் வேண்டாம். பாடுகிறவரின் கண்ணைக் கூசவைத்து ஒரு படம் எடுக்க யாருக்கும் உரிமை இல்லை. அந்த வெளிச்சத்தில் மேடையும் கல்யாண மண்டபமும் ரேஷன் கடையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

வில்லுப்பாட்டுக்கென்று தனிப் பொறுமை வேண்டும். புலவர் வீசுகோலை ஓங்கி வில் நாணில் அடிக்கிறார், மணிகள் குலுங்குகின்றன, பக்கத்தில் குடக்காரர் மட்டையால் குடத்தின் வாயில் அறைகிறார், உடுக்கையும் ஜால்ராவும் கட்டையும் சேர்கின்றன. 1/500இல் எடுத்தால் வீசுகோல் அந்தரத்தில் குச்சி மாதிரி நிற்கும். ஆடாமல் அசையாமல் போட்டோவுக்குப் போஸ் கொடுத்தது போல. 1/60க்கு இறக்கினால் கோல் ஒரு வளைவாகக் கரைந்து, முகம் மட்டும் தெளிவாக நிற்கும், கதையில் புலவர் மூச்சு வாங்குகிற இடமாகப் பார்த்து அமுக்கினால். அந்த இடம் எப்போது வரும் என்பது கதை தெரிந்தவருக்குத்தான் தெரியும். முத்தாரம்மன் கதையையும் சுடலைமாடன் கதையையும் சின்ன வயதிலிருந்தே தூங்கி வழிந்துகொண்டு கேட்ட உள்ளூர்க்காரருக்கு, சென்னையிலிருந்து விலையுயர்ந்த லென்சோடு வருகிறவரைவிட இந்த ஒரு விஷயத்தில் கை ஓங்கி இருக்கிறது. நாகசுரத்திலும் அப்படியே. கன்னம் உப்பியிருக்கும்போது எடுத்த படம் எல்லோரிடமும் உண்டு. நீண்ட பிடி முடிந்து சீவாளியை உதட்டிலிருந்து எடுத்து, தவில்காரரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள். அதற்குக் காத்திருக்க வேண்டும்.

இந்த அக்கறை எதற்கு என்றால், இதே மாவட்டத்தின் கதையைப் பார்த்தால் போதும். முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் மறைந்தது 1835இல். புகைப்படக்கலை பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். நான்கு வருஷ இடைவெளியில் அவர் முகம் நமக்குக் கிடைக்காமல் போயிற்று. பூஜையறைகளிலும் சபாக்களிலும் தொங்குவதெல்லாம் ஓவியர்களின் கற்பனை. அதே எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதிக்கு அந்தச் சாக்கு இல்லை. அவர் காலத்தில் ஊருக்கு ஊர் ஸ்டுடியோ வந்துவிட்டது. பத்திரிகை நடத்தியவர், ஊர் ஊராகப் பேசியவர். இருந்தும் நம்மிடம் உள்ள அவருடைய படங்கள் ஒரு கை விரல்களில் அடங்கிவிடும். அவை எப்படிக் கிடைத்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். புதுச்சேரியில் செல்லம்மாவோடும் பிள்ளைகளோடும் நண்பர்களோடும் எடுத்தது வீட்டுப் படம். 1919இல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு அவர் போனபோது எடுத்தது, ஊர்ச் சங்கம் வந்த விருந்தாளியோடு எடுத்துக்கொண்ட படம். குடும்ப விசேஷமும் உள்ளூர்க் கூட்டமும். நம் கேமரா மாமாக்கள் இன்று எந்த இரண்டு இடங்களில் நிற்கிறார்களோ, அதே இரண்டு இடங்கள். அந்தப் படங்கள் அட்டையாக இருந்ததால், யாரோ சுவரில் மாட்டி வைத்ததால், இன்று பாரதியின் மீசையும் தலைப்பாகையும் நமக்குத் தெரிகின்றன.

விளாத்திகுளம் சுவாமிகள் 1889இல் பிறந்து 1965 வரை வாழ்ந்தவர். ஒரே ராகத்தை மணிக்கணக்கில் பாடுவார் என்று கரிசல்காட்டில் இன்றும் கதை சொல்வார்கள். அவரைப் பற்றிய கதைகள் கிடைக்கிற அளவுக்குப் பாட்டும் படமும் கிடைப்பதில்லை. கோவில்பட்டியில் வாழ்ந்து 1964இல் மறைந்த காருக்குறிச்சி அருணாசலத்துக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம்; இசைத்தட்டு இருக்கிறது, 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டிபோட்ட நாகசுரம் இருக்கிறது. ஆனால் அவருக்குப் பின்னால் இந்தச் சீமையில் கொடைக்குக் கொடை வாசித்துவிட்டுப் போன எத்தனையோ மேளக்காரர்களுக்கு என்ன இருக்கிறது? அவர்கள் வாசிக்கும்போது முன்னால் ஐம்பது செல்போன் ஓடியிருக்கும். வாசித்தவர் வீட்டில் ஒரு படம் இருக்காது.

கடலுக்குள்ளும் அதே கதைதான். தூத்துக்குடிக் கரையில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுவிட்டது. இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக இறங்கிய ஆட்களின் படங்கள் நமக்கு அறிமுகமானவைதான். பெரும்பாலும் அதிகாரிகளும் வெளியாட்களும், தொழில் எப்படி நடக்கிறது என்று காட்டுவதற்காக எடுத்தவை. மூழ்கியவனின் பெயர் அதில் இராது. மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவர் மைத்துனராகத்தான் இருப்பார், அக்காளின் தாலிக்கு அவர்தான் காவல் என்று கரையில் சொல்வார்கள். அந்த மாமனும் மச்சானும் தோளில் கைபோட்டு நின்ற படம் எந்த அறிக்கையிலும் வந்திருக்காது. அதை எடுத்திருக்க வேண்டியவர் வீட்டு ஆள்.

வீட்டு ஆள் எடுத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. வீட்டு ஆளுக்கு உரிமை அதிகம் என்கிற நினைப்பே சில தப்புகளுக்குக் காரணம். குலசேகரன்பட்டினம் தசராவில் காளி வேடம் போட்டவர் நாற்பத்தொரு நாள் விரதம் இருந்து வந்திருக்கலாம். அவருக்கு அது வேடிக்கை இல்லை, நேர்ச்சை. முகத்துக்கு ஒரு முழத்தில் லென்சை நீட்டி, "இப்படித் திரும்புங்க, நாக்க நீட்டுங்க" என்று சொல்கிறவர்களைச் சூரசம்ஹார ராத்திரியில் கடற்கரை முழுக்கப் பார்க்கலாம். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்தால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. மறுத்தால் விட்டுவிட வேண்டும்.

அதைவிடக் கூர்மையான விஷயம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சடங்கு வீட்டில் பதிமூன்று வயதுப் பெண்ணைப் பட்டுப்புடவையில் உட்கார வைத்து, தாய்மாமன் சீரோடு வந்து நிற்கிறார். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே தெரியும், அவளுக்கு இந்தக் கூட்டம் பிடிக்கிறதா இல்லையா என்று. கேமரா மாமா நன்றாக எடுத்த படம் மறுநாள் நாற்சந்தியில் பத்தடி ஃபிளெக்ஸில் நிற்கிறது, சுற்றிலும் கட்சிக்காரர்களின் தலைகளோடு. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அவளே அதைக் கடந்து போக வேண்டும். சடங்கு வேண்டுமா வேண்டாமா என்பது குடும்பத்தின் விவாதம். ஃபிளெக்ஸுக்குப் படம் கொடுக்கலாமா என்பது படம் எடுத்தவர் கையில் இருக்கிறது. கொடுக்கக் கூடாது. "பிள்ளகிட்ட கேட்டுட்டுத் தாரேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதிப் பேர் அதற்குமேல் கேட்கமாட்டார்கள்.

அப்படி மறுப்பதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருக்கு. யாரும் காசு கொடுக்காமல் தன் விருப்பத்துக்கு எடுத்த படம் எடுத்தவருக்கே சொந்தம். அந்த உரிமைக் காலம் முன்பு வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டு என்று இருந்தது, 2012 திருத்தத்துக்குப் பிறகு எடுத்தவரின் ஆயுள், அதற்கு மேல் 60 ஆண்டு என்று ஆகிவிட்டது. ஆக, ஓசியில் எடுக்கிற மாமாதான் உண்மையில் முதலாளி. கொடையில் எடுத்த பாடகரின் படத்தை ஏதோ ஒரு விளம்பரக்காரர் பெயர் போடாமல் எடுத்துப் போட்டால் கேட்கிற உரிமை அவருக்கு உண்டு. ஆனால் அந்தப் பாடகரே ஒரு பிரதி கேட்டு வந்தால், தண்ணீர்முத்திரை குத்திய படத்தை அனுப்பிவைக்கிற சின்னப்புத்தி சிலரிடம் இருக்கிறது. முகம் அவருடையது, பாட்டு அவருடையது. நடுவில் நம் முத்திரை எதற்கு?

பொழுதுபோக்குக்காரர் என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒரு இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதிர்க்கரையில் கொழும்பில் லயனல் வெண்ட் என்று ஒருவர் இருந்தார். 1900இல் பிறந்தவர், வக்கீலுக்குப் படித்தவர், மேடையில் பியானோ வாசித்தவர். சம்பாதிப்பதற்காக அவர் கேமராவைத் தூக்கவில்லை. இலங்கையின் மனிதர்களையும் கடற்கரைகளையும் அவர் எடுத்த படங்களுக்காகவே இன்று உலகம் அவரைத் தேடுகிறது. 1944இல் நாற்பத்து நான்கு வயதில் இறந்தார். அவருடைய நெகட்டிவ்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. மிஞ்சியவை அவர் அச்சிட்டுவைத்த படங்கள். அவற்றைக்கொண்டுதான் 1950இல் புத்தகம் வந்தது. இந்தப் பக்கத்தில் எழுத்தாளர் கி. ராஜநாராயணனைப் புதுவை இளவேனில் விடாமல் எடுத்துவைத்த படங்களைச் சொல்ல வேண்டும். இடைசெவல் கிழவனாரின் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவரைப் பார்க்காதவர்களுக்கும் தெரிகிறது என்றால் அதில் அந்தக் கேமராவுக்குப் பங்கு உண்டு. ஒரே மனிதரிடம் திரும்பத் திரும்பப் போனதன் பலன் அது. நம் கேமரா மாமாவும் அதே கொடைக்கு, அதே மேளக்காரரிடம் வருஷா வருஷம் போகத்தான் செய்கிறார்.

திரும்பத் திரும்பப் போவது என்றதும் தங்கத்தேர் நினைவுக்கு வருகிறது. பனிமய மாதா கோயிலில் திருவிழா ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5இல் முடியும். 1806இல் முதலில் ஓடிய தங்கத்தேர் மட்டும் சிறப்பு ஆண்டுகளில்தான் வெளியே வரும். கோயில் கட்டி 300 ஆண்டு ஆன 2013இல் வந்தது, பிறகு 2023இல் வந்தது. 2013இல் அப்பாவின் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்த பிள்ளை 2023இல் அப்பாவின் தோளை எட்டியிருக்கும். அன்று கடல்போல் கூடுகிற ஜனத்தில் எல்லாக் கேமராவும் தேரைத்தான் பார்க்கும். தேரின் படம் வேண்டுமென்றால் ஆயிரம் கிடைக்கும். தேரைப் பார்க்கிற அந்த அப்பனையும் பிள்ளையையும் இரண்டு முறையும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர்கள் வீட்டில் கொடுக்க ஒரு மாமாவால்தான் முடியும். இரண்டாவது படம் எடுத்திருப்பார். முதல் படம் எந்த டிஸ்கில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார்.

ஆகவே கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. புது லென்சு வாங்க வேண்டாம். தூத்துக்குடி, கோவில்பட்டி, திருச்செந்தூர் என்று எந்த ஊர் ஸ்டுடியோவிலும் ஒரு மேக்ஸி பிரிண்டுக்கு ஆகிற செலவு, டீயும் வடையும் சாப்பிடுகிற செலவுக்குள்தான் வரும். அடுத்த விசேஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறங்கள். போன கொடையில் வாசித்த தவில்காரர், குடக்காரர், மெல்லிசைக் குழுவில் யாரும் பார்க்காத மூலையில் இருந்த கீபோர்டுக்காரர், ஜன்னலோர ஆச்சி என்று பத்துப் படம் பொறுக்குங்கள். பின்பக்கம் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். பந்துமுனைப் பேனா வேண்டாம், அழுத்தினால் முகத்தில் தடம் விழும், மெல்லிய மார்க்கர் போதும். பெயர் தெரியாவிட்டால் கேட்டு எழுதுங்கள். தவில்காரர் இந்த வருஷக் கொடைக்கும் அதே பந்தலுக்குத்தான் வருவார். கவரை அவர் கையில் கொடுத்துவிட்டு, பிறகு கேமராவை எடுங்கள்.